2 ஜிபியில் ஒரு குடும்பஸ்தன்

உங்கள் வீட்டில் எப்படியோ, நான் கம்ப்யூட்டரை ஆன் பண்ணித் திரை வந்ததும் முதல் காரியமாக மவுஸின் வலது பட்டனை அமுக்கி ரிஃப்ரெஷ் கொடுப்பேன். ஒரு தடவை இல்லை, விட்டு விட்டு நாலைந்து தடவை. கொடுத்தால் மெஷின் சுறுசுறுப்பாகும் என்று எப்போதோ யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். யாரென்று நினைவில்லை. ஆனால் அந்த மனிதர் ஊர் பூராவும் போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஜெராக்ஸ் கடையிலும் கொடுக்கிறார்கள், ஜாதகம் கணிக்கிற இடத்திலும் கொடுக்கிறார்கள். திரையில் இருக்கிற படங்களை இன்னொரு முறை வரைந்து காட்டுவதைத் தவிர அந்த ரிஃப்ரெஷ் வேறு எதுவும் செய்வதில்லையாம். வேகத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பக்கத்து ஃபிளாட் பையன் சொன்னான், இன்ஜினியரிங் படிக்கிறவன். அதற்கப்புறம் அவன் எதிரில் நான் ரிஃப்ரெஷ் கொடுப்பதில்லை. அவன் போன பிறகுதான் கொடுக்கிறேன்.

இந்த லேப்டாப் என் சொந்தச் சம்பாத்தியம் இல்லை. மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் ப்ளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த ஆரம்பகால மாடல். 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அதை வைத்துத்தான் அவள் காலேஜ் முடித்தாள், ப்ராஜெக்ட் பண்ணினாள், பெங்களூரில் வேலைக்கும் போனாள். கம்பெனியில் புதுசு கொடுத்துவிட்டார்கள். பழசு என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் பழைய சாமான்காரரிடம் போவதற்கு முன்னால் என் கைக்கு ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் போகும்.

ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7-லேயே கடைக்குட்டிப் பதிப்பு. அதில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. மகள் அந்த வயதில் இதற்காக ரொம்ப வருத்தப்பட்டாள். என் மனைவிக்கு மட்டும் பெரிய ஆறுதல். நான் நோண்டிக் கெடுக்க முடியாத ஒரு சமாசாரமாவது அதில் இருந்ததே!

எனக்கும் அந்த லேப்டாப்பால் ஓர் அனுகூலம் இருந்தது. எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். மெயின்டனன்ஸ், மோட்டார் ரிப்பேர், வாட்ச்மேன் சம்பளம் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுத வேண்டும். தலைவர் தணிக்கைத் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். இப்படி ஒருவர் தலைவராக வாய்ப்பதெல்லாம் முன்ஜென்ம வினை. "கணக்கு ரெடியா சார்?" என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ சார்" என்பேன். அது பொய்யில்லை. பட்டனை அமுக்கிவிட்டுக் குளித்து, பூஜை முடித்து, பேப்பரில் இரங்கல் விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டு வந்தால் அப்போதுதான் நல்வரவு என்று வரும். எக்ஸெல்லைத் தட்டினால் திரை வெளுத்துப் போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று நிற்கும். ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும்.

விஷயம் இத்தோடு போயிருந்தால் நானும் லேப்டாப்பும் சௌக்கியமாகவே இருந்திருப்போம். யூடியூபில் ஒருவர், "உங்கள் பழைய கம்ப்யூட்டர் ராக்கெட் வேகத்தில் பறக்கும்" என்று சொல்லிவிட்டார்.

மெமரியைச் சுத்தம் பண்ணுகிற மென்பொருள் ஒன்றை இறக்கினேன். அதில் ஒரு பெரிய பச்சைப் பட்டன். அமுக்கினால் 92 சதவீதம் என்று இருந்த ரேம் மளமளவென்று இறங்கி 45-ல் வந்து நிற்கும். ஆஹா, என்ன திருப்தி! ஆனால் அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் முன்னைவிடத் தாமதம். அதனால் இன்னொரு சுத்தக்காரரையும் இறக்கினேன். பிறகு வைரஸ் சந்தேகம் வந்தது. ஏற்கெனவே இருந்த ஆன்டி வைரஸோடு இன்னொன்றும் சேர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு ராத்திரி பகலாகக் காவல் காத்தன. இவ்வளவு பேரும் வேலை செய்கிறார்களா என்று பார்க்க, விண்டோஸ் 7-லேயே வருகிற முள் வைத்த மீட்டரைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தேன். முள் எப்போதும் சிவப்பில் நின்றது. மீட்டர் ஓடுவதற்கும் ரேம் வேண்டும் என்பது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன், பார்க்க அழகாக இருந்தது.

ரெடிபூஸ்ட் என்று ஒன்று உண்டு. பென் டிரைவைச் செருகினால், அடிக்கடி தேவைப்படுகிற விஷயங்களுக்கு அதிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். 2007-ல் விஸ்டாவோடு வந்த வசதி. செருகுகிற பென் டிரைவுக்கு விண்டோஸ் முதலில் ஒரு வேகத் தேர்வு வைக்கும். என்னுடைய முதல் பென் டிரைவ் ஃபெயில். இரண்டாவது பாஸ். அதை நாள் கணக்கில் செருகியே வைத்திருந்தேன். என் மனைவி நவராத்திரிப் பாட்டு ஏற்ற அதை உருவிக்கொண்டு போயிருக்கிறாள். உருவினதே எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், செருகியிருந்ததும் தெரியவில்லை.

கடைசியில் பக்கத்து ஃபிளாட் பையனைக் கூப்பிட்டது என் மனைவிதான். அவன் வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சின்ன வயதிலேயே நல்ல மரியாதை தெரிந்த பையன்.

"அங்கிள், இதுல வேலை செய்யறவங்களைவிட வேலையைச் சீக்கிரம் முடிக்க வந்தவங்கதான் அதிகமா இருக்காங்க."

"அதுக்கு என்னப்பா அர்த்தம்?"

நான் புரிந்துகொள்வேன் என்ற நம்பிக்கை அவனுக்கு இல்லை. என் மனைவி பக்கம் திரும்பிக்கொண்டான். "ஆன்ட்டி, ரேம்ங்கறது கிச்சன் மேடை. ஹார்ட் டிஸ்க்குங்கறது பரண். மேடையில இடம் இல்லன்னா, இப்போதைக்கு வேண்டாத சாமானை விண்டோஸ் தூக்கிப் பரண்ல போடும். வேணும்னா ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துட்டு வரும். இங்க மேடை ரொம்பச் சின்னது. ஒண்ணை இறக்கணும்னா இன்னொண்ணை ஏத்தணும். ஏறி இறங்கறதுலயே நேரம் போயிடுது. சமையலே நடக்கல."

"அந்தப் பச்சை பட்டன்?" என்றேன் தீனமாக.

"அது மேடையில இருக்கற எல்லாத்தையும் ஒரேயடியா பரண்ல தூக்கிப் போட்டுடும். பார்க்க மேடை காலியா இருக்கும். அப்புறம் உப்பு வேணும்னாலும் ஏறணும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.

இந்தப் பரண் யோசனை இன்று நேற்று வந்ததில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து அட்லஸ் கம்ப்யூட்டரிலேயே, 1962-ல், சின்ன மெமரியைப் பெரிதாகக் காட்ட இந்த ஏற்றி இறக்குகிற வித்தை இருந்தது. ஏறி இறங்குவதிலேயே மெஷின் மூச்சு வாங்கி, வேலை ஒன்றும் நடக்காமல் போகிற நோய்க்கு 1968-ல் பீட்டர் டென்னிங் என்பவர் காரணமும் மருந்தும் எழுதிவிட்டார். நம்ம ஹார்ட் டிஸ்க் உள்ளே தட்டு சுற்றி, ஊசி நகர்ந்து தேடி எடுக்கிற ரகம். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். என் மனைவி எள்ளுப்பொடி டப்பாவை எடுத்துத் தரச் சொன்னால் நான் எடுத்துக்கொள்கிற நேரமும் ஏறக்குறைய அதுதான்.

பையன் சுத்தக்காரர்கள் எல்லோரையும் வெளியேற்றினான். ஆன்டி வைரஸில் ஒன்றைக் கழற்றினான். முள் மீட்டரையும் எடுத்துவிட்டான், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அடுத்து பிரௌசர். அதில் திறந்து வைத்த பக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மெமரியைப் பிடித்துக்கொள்ளுமாம்.

"இது வேணுமா அங்கிள்? வத்தக்குழம்பு செய்முறை."

"இருக்கட்டும்பா."

"நாலு வருஷம் முந்தின சனிப்பெயர்ச்சி பலன்?"

"பலிச்சுதான்னு பார்க்கணும்."

"'பழைய லேப்டாப்பை வேகமாக்க 25 வழிகள்'. இதையே நாலு தடவை திறந்து வெச்சிருக்கீங்க."

முதலில் திறந்தது வர நேரமானதால்தான் மறுபடி மறுபடி அமுக்கியது. இதை அவனிடம் விளக்க முற்பட்டேன். அதற்குள் மூடிவிட்டான். 25 வழிகளில் ஒன்றைக்கூட நான் முழுசாகப் படித்ததில்லை.

"இன்னொரு 2 ஜிபி ரேம் போட்டுப் பார்க்கலாம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவன் காலேஜுக்குப் போனான். நான் வாங்கி வருகிறேன் என்று கிளம்பியது என் சொந்த யோசனை.

சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் என்றால் மவுன்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருதான். ஒயர், போர்டு, ஸ்பீக்கர், பேட்டரி என்று கடைக்குக் கடை வழியும். கௌன்டரில் இருந்த பையனிடம் கம்பீரமாக, "ஒரு 2 ஜிபி ரேம்" என்றேன்.

"லேப்டாப்புக்கா சார், டெஸ்க்டாப்புக்கா?"

"லேப்டாப்."

"டிடிஆர் டூவா, த்ரீயா?"

எனக்கு டிடி ஒன் தெரியும், ராத்திரி ஒளியும் ஒலியும் போட்ட காலத்திலிருந்து. டிடிஆர் தெரியாது. "ரெண்டுல எது நல்லது?" என்றேன்.

"நல்லது கெட்டது இல்ல சார். உங்க லேப்டாப்ல எது இருக்கோ அதுதான். நடுவுல இருக்கற வெட்டு மாறும், வேற போட்டா உள்ளயே போகாது. 1.5 வோல்ட்டா, 1.35-ஆ?"

"வீட்டுல வழக்கமா 230 வரும்" என்றேன்.

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். கடைப் பையன் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "பழசைக் கழட்டி எடுத்துட்டு வாங்க சார், அதையே பார்த்துத் தரேன்" என்றான். வீட்டுக்கு வந்து, பக்கத்து ஃபிளாட் பையனை விட்டுக் கழற்றச் சொல்லி, வெற்றிலை மடிக்கிற சைஸில் இருந்த அந்தப் பச்சைத் தகட்டை டிஷ்யூ பேப்பரில் சுற்றி, சட்டைப் பையில் வைத்து மறுபடி மெட்ரோ ஏறினேன். இந்த முறை வாயைத் திறக்காமல் தகட்டை மட்டும் நீட்டினேன். கிடைத்துவிட்டது. மௌனம் கலக நாஸ்தி.

ஆக, இரண்டும் இரண்டும் நாலு. பையன் பொருத்தினான். ஆன் பண்ணினோம். சிஸ்டம் விவரத்தைத் திறந்தான். பொருத்தியிருக்கும் மெமரி 4 ஜிபி என்று போட்டிருந்தது. நான் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்திலேயே ஓர் அடைப்புக்குறி. அதற்குள், பயன்படுத்தக்கூடியது 2 ஜிபிக்கும் கொஞ்சம் கீழே என்று இருந்தது.

"சாரி அங்கிள், மறந்தே போயிட்டேன்" என்றான் பையன். "ஸ்டார்ட்டர்ல 2 ஜிபிக்கு மேல போட்டாலும் எடுத்துக்காது. அந்த எடிஷனோட ரூல் அப்படி."

"மேடையைப் பெருசாக் கட்டிட்டு நடுவுல சுவர் வெச்சிட்டீங்களா?" என்றாள் என் மனைவி. அவளுக்குக் கம்ப்யூட்டர் இவ்வளவு நன்றாகப் புரிய ஆரம்பித்ததில் எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பொதுவாக நின்றுவிட்டன என்பதையும் பையன் அப்போதுதான் சொன்னான். கரன்ட் பில் கட்டுவது, பேங்க் பார்ப்பது எல்லாம் அதில்தான் என்று நான் சொல்லவில்லை. என் மனைவி சொன்னாள்.

"லினக்ஸ் போட்டுடலாம் அங்கிள். இதுலயே ஏற்கெனவே ஒண்ணு இருக்குமே?"

இருந்தது. சி-டாக் நிறுவனம் இந்தியாவுக்கென்று உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அரசாங்கம் கொடுக்கும்போதே விண்டோஸோடு அதையும் போட்டுத்தான் கொடுத்திருக்கிறது. ஆன் பண்ணும்போதெல்லாம் கறுப்புத் திரையில் எது வேண்டும் என்று கேட்டு, வினாடிகளை எண்ணிக்கொண்டு நிற்கும். நான் அதை ஏதோ எச்சரிக்கை என்று நினைத்து, எண்ணி முடிப்பதற்குள் அவசர அவசரமாக விண்டோஸில் என்டர் தட்டிவிடுவேன். தட்டுவதில் மட்டும் எனக்கு எப்போதும் வேகம் உண்டு.

அந்தப் பழைய பாஸ் காலாவதி ஆகியிருக்கும் என்று, பையன் லுபுன்டு என்று ஒரு லேசான லினக்ஸைப் போட்டான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினான். அதில் சுற்றுகிற தட்டே கிடையாது. பரண் கை எட்டுகிற உயரத்துக்கு வந்துவிட்டது என்று என் மனைவிக்கு விளக்கினான். எனக்கு விளக்கவில்லை. ஆன் பண்ணினோம். தேடித் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் திரை வந்துவிட்டது. 4 ஜிபியும் கணக்கில் இருந்தது, அதில் 1 ஜிபியைக்கூட அது தொடவில்லை. லிப்ரே ஆபீஸில் சங்கத்துக் கணக்கைத் திறந்தான். திறந்துகொண்டது. குளிக்கப் போகலாம் என்று துண்டை எடுத்தவன் துண்டும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பல மாதமாகக் காலியாக இருந்த கட்டங்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

சாயங்காலமே தலைவர் வந்துவிட்டார். கீரை வாங்கப் போன இடத்தில் என் மனைவி அவர் மனைவியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"சிஸ்டம் சும்மா பறக்குதாமே சார்! அப்ப கணக்கு?"

"ரெடியாயிட்டே இருக்கு சார்" என்றேன். "பிரிண்ட்தான் எடுக்க முடியல. இந்த லினக்ஸ்ல நம்ம பழைய பிரிண்டர் வேலை செய்யல."

அது பொய்யில்லை. பக்கத்து ஃபிளாட் பையன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். "அதுக்கு டிரைவர் தேடிப் போடணும் அங்கிள். செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சதும் வந்து பார்த்துத் தரேன்" என்றான்.

"படிப்புதான் முக்கியம் தம்பி" என்றேன். "ஒண்ணும் அவசரமில்ல. அரியர் இருந்தா அதையும் முடிச்சிட்டே வா."