செக்குக்கு மாலை, நுகத்தடிக்கு எண்ணெய்

எங்கள் வாளையார் சோதனைச்சாவடியில் சாக்கை மாற்றிக் கட்டினாலும் ரேஷன் அரிசியைப் பிடித்துவிடுவார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கம் கோவைச் சிறை. இந்தப் பக்கம் போனால் கண்ணூர்ச் சிறை. இரண்டிலும் வ.உ.சிதம்பரனாரை அடைத்துப் பார்த்தது வெள்ளை அரசு.

என்ன குற்றம்? வெடிகுண்டா வீசினார்? கம்பெனி நடத்தினார். 1906இல் பங்கு ஒன்று 25 ரூபாய் என்று திரட்டி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது. குடைக்கும் மசியாத சனத்தைக் கண்டதும் வியாபாரம் செய்ய வந்த துரைமார்களுக்கு ராஜத்துரோகம் ஞாபகம் வந்தது. போதாக்குறைக்கு, 1908இல் கோரல் மில் தொழிலாளிகளோடு நின்று கூலியையும் உயர்த்திவிட்டார் மனிதர்.

நீதிபதி பின்ஹே மகா தாராளம். இருக்கிற ஓர் உயிருக்கு இரண்டு ஆயுள் தண்டனை: பேசியதற்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு ஒன்று. இருபதும் இருபதும் நாற்பது. பேச்சுக்கு ராஜத்துரோகப் பிரிவு 124-ஏ. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. செக்கின் பாரம் குறையவில்லை. கோவையில் மாட்டுக்குப் பதில் வக்கீலைப் பூட்டினார்கள்.

1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறைக் கதவு திறந்தது. கம்பெனி போயிற்று, சன்னது போயிற்று, வாசலில் கூட்டமும் இல்லை. கூட்டம் இப்போது வருகிறது: செப்டம்பர் 5 தோறும், மாலையோடு, போட்டோக்காரரோடு.

மாலை போட்ட அதே கைதான் 124-ஏயையும் தடவிக்கொடுத்து வளர்த்தது. 1947இல் துரைமார்கள் கப்பலேறினார்கள். அவர்கள் சட்டம் ஏறவில்லை. கூடங்குளம் அணு உலை வேண்டாமென்று இடிந்தகரைப் பந்தலில் பட்டினி கிடந்தவர்கள்மீது, ஆயிரக்கணக்கில், அதே பிரிவு பாய்ந்தது. எங்கே? பின்ஹே தீர்ப்பெழுதிய அதே திருநெல்வேலிச் சீமையில்!

2022இல் உச்ச நீதிமன்றம் 124-ஏயை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். ராஜத்துரோகம் என்ற சொல்லைக் காணோம். பிரிவு 152 என்று ஒரு புதுச் சாக்கு. அவிழ்த்துப் பார்த்தால் ஆயுள் தண்டனை அப்படியே இருக்கிறது. டெல்லிக்கு ஒரு வாளையார் இல்லாமல் போயிற்றே!

செக்கு எது, சிவலிங்கம் எது என்று தெரியாதவனைக் கேலி செய்யும் பழமொழி நம்முடையது. அவனாவது தெரியாமல் செய்தான். நாம் தெரிந்தே செக்குக்கு மாலை போடுகிறோம். நுகத்தடிக்கு எண்ணெய் தடவி, அடுத்த கழுத்துக்குப் பத்திரமாக எடுத்துவைக்கிறோம்.