இருட்டறைக்கு ஒரு டிக்கெட்

கே: பழைய கம்ப்யூட்டர் கேமை மேடை நாடகமாகப் போட்டால் யார் சார் பார்ப்பார்கள்?

பார்ப்பதாவது! காசு வாங்கிக்கொண்டு நம்மையே ஆட விடுகிறார்கள். காமெடியன் ஜான் ராபர்ட்சன் 2012-ல் தொடங்கிய 'தி டார்க் ரூம்', எண்பதுகளின் எழுத்து கேம் மாதிரி. இருட்டறையிலிருந்து தப்பிக்கத் திரையில் தெரியும் வழிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் ஆடினாலும் பெயர் டேரன்தான். தப்பினால் 1,000 பவுண்டு. தவறினால் 'செத்தாய்' என்று அரங்கமே கத்தும்.

கே: சாகசப் பட ஹீரோ வாளை வீசுவாரா, வசனம் பேசுவாரா?

வசனம்தான் வாள்! அந்தப் படங்களைப் பார்த்துத்தான் 1990-ல் 'மங்கி ஐலண்ட்' கேமில் வாய்ச்சண்டையில் ஜெயித்தால் வாள்சண்டையில் வெற்றி என்று வைத்தார்கள். வசைகளில் பலவற்றை எழுதிக்கொடுத்தவர் நாவலாசிரியர் ஆர்சன் ஸ்காட் கார்ட்.