அடிவாரத்தில் இருந்தபடியே மலை மக்களின் ஆரோக்கியத்தை மேம்படுத்துவது எப்படி?

சனிக்கிழமை பார்த்து, கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள பேளுக்குறிச்சிக்கு வாருங்கள். அன்றைக்குத்தான் சந்தை. சாக்கில் கிடக்கும் கொல்லிமலை மிளகில் ஒன்றை எடுத்துக் கடியுங்கள்; காரம் சுர்ரென்று ஏறும். ‘மலைக்காரர்களுக்கு நோயே வராது’ என்று குறித்துக்கொள்ளுங்கள். கள ஆய்வில் பாதி முடிந்தது.

மேலே போயே தீரவேண்டும் என்றால், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழம் அவசியம். இதே வளைவுகளில் பிரசவ வலியோடு இறங்குகிறவளை அப்போது நினைக்காதீர்கள், குமட்டல் கூடும். அவளுக்கு 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. 2022 முதல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வண்டி நிற்கும் தார்ச்சாலை வரை வந்து சேர்வது மட்டும் அவள் பொறுப்பு.

அடுத்து சாப்பாடு. மலையில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகுமாக விளைந்தது. சாமையை உரலில் குத்திக் குத்திப் பெண்களுக்குத் தோள்பட்டை போயிற்று. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் மரவள்ளிக்கு ரொக்கமாகக் கொடுத்தார்கள். காடு கிழங்குக்கு மாறியது, அடுப்பு ரேஷன் அரிசிக்கு மாறியது. இனி சர்க்கரை நோய் என்று வருகிறவரிடம் கண்டிப்பான குரலில், “சாமை சாப்பிடுங்க” என்று சொல்லுங்கள். நகரத்துக் கடையில் அது பாக்கெட்டில் என்ன விலை என்பதைச் சொல்ல வேண்டாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களை மலைக்கே கொண்டுபோனது. வலி இருந்த இடத்தில் கைவைத்த வேலை அது. ஆகவே இந்த வழிகாட்டியில் சேராது.

விழிப்புணர்வு முகாம் கட்டாயம். தலைப்பு: கை கழுவுவது எப்படி? குழாயில் தண்ணீர் வருகிறதா என்று யாராவது கேட்டால், அது வேறு துறை.

மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழு, ஒருவர் பிறந்து வளர்ந்து வேலை செய்யும் நிலைமைகளிலேயே நோயின் வேர் இருக்கிறது என்று 2008-ல் அறிக்கை தந்தது. அட்டையை மட்டும் ஸ்லைடில் போடுங்கள். உள்ளே கூலி, வீடு, அதிகாரம் என்று ஏதேதோ வருகிறது.

திரும்புமுன் உங்கள் முட்டி வலிக்குச் சாலையோரத்தில் ஒரு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடியுங்கள், மிளகு தூக்கலாக. ஊற்றித் தரும் அம்மாவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். ஏன் டாக்டரிடம் காட்டவில்லை என்று கேட்டால், “நாமக்கல்லுக்குப் போகணும் சாமி. ஒரு நாள் கடைய மூடுனா யாரு தருவா?” என்பார். அறிக்கையில் இதை ‘சிகிச்சை பெறுவதில் ஆர்வமின்மை’ என்ற பத்தியில் சேர்த்துவிடுங்கள்.