பீரங்கி ஊரில் பாலே

கேள்வி: ரஷ்ய பாலே என்றாலே மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் இரண்டும்தானே? பெர்ம் நகரத்துக்கு அங்கே என்ன வேலை?

பதில்: பெர்ம், யூரல் மலைகளுக்கு மேற்கே காமா நதிக்கரையில் உள்ள தொழில் நகரம். பீரங்கி வார்ப்பதில் பெயர் பெற்ற இவ்வூரில் 1870 முதலே ஓபரா அரங்கு உண்டு. ரஷ்ய பாலேயை ஐரோப்பாவுக்குக் காட்டிய செர்கெய் தியாகிலெவ் சிறுவயதில் வளர்ந்ததும் இங்கேதான். 1909 முதல் பாரீஸை மயக்கிய அவருடைய குழு ரஷ்யாவில் மட்டும் ஒருமுறைகூட ஆடவில்லை. பிறந்தகம் தவிர எல்லா வீட்டிலும் விருந்து!

ஊருக்கு உண்மையான யோகம் அடித்தது போர்க்காலத்தில். 1941-இல் ஜெர்மானியப் படை நெருங்கியதும் லெனின்கிராட்டின் (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) கீரவ் அரங்கம் கலைஞர்கள், நடனப்பள்ளி சகிதம் இங்கே இடம்பெயர்ந்தது. அப்போது ஊரின் பெயர் மோலொதவ். ‘மோலொதவ் காக்டெயில்’ என்ற பெட்ரோல் குண்டுக்கும் பெயர் கொடுத்த அதே சோவியத் அமைச்சரின் பெயர்தான். இசையமைப்பாளர் கச்சதூரியனின் ‘கயானே’ பாலே 1942 டிசம்பர் 9 அன்று இங்கே அரங்கேறியது. கடைசி நேரத்தில் அவசரமாகச் சேர்த்த ‘வாள் நடனம்’தான் உலகமெங்கும் ஒலிக்கிறது, மீதி பாலேயைக் கேட்டவர்கள் குறைவு.

1944-இல் விருந்தாளிகள் ஊர் திரும்பினார்கள். பழக்கம் தங்கிவிட்டது. மறு ஆண்டே லெனின்கிராட்டுக்காரரான எக்கடெரீனா கெய்டன்ரெய்க் இங்கே பாலே பள்ளி தொடங்கினார். அதன் மாணவி நதேஷ்தா பாவ்லவா 1973-இல் மாஸ்கோ சர்வதேசப் போட்டியின் உச்சப் பரிசை வென்றார். அப்போது வயது 17. பிறகு அவரையும் மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கமே அழைத்துக்கொண்டது.