பெரியம்மாவின் உமல்

தீவுப்பகுதியில் பிறந்தவனிடம் 'பாரமில்லாமல் பயணம் போ' என்று சொல்லிப் பிரயோசனமில்லை. காலையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் கொஞ்சநேரம் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். நயினாதீவுக்குப் போகிறவர்களின் கையில் அர்ச்சனைத் தட்டு மட்டும். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டு, பின்னேரம் திரும்பிவிடுவார்கள். பக்கத்தில் நெடுந்தீவுப் படகில் ஏறுவதோ முழு வீடு: காஸ் சிலிண்டர், சீமெந்துப் பை, மோட்டார் சைக்கிள், மெத்தை, கால் கட்டிய கோழி. கடலில் ஒரு மணித்தியாலப் பயணம்தான். ஆனால் சோளகம் முறுகினால் படகு ஓடாது. ஆகையால் தீவான் எங்கே புறப்பட்டாலும், திரும்பி வரமுடியாமற் போனால் என்ன செய்வது என்று யோசித்தே பை கட்டுவான். ஊர்காவற்றுறைக்கு மருந்தெடுக்கப் போகிற எங்கள் மாமா மாற்றுச் சாரமும் தலையணையும் கொண்டுபோவார். போகிற வழியில் கடலே இல்லையே என்று கேட்டால், "கடலை நம்பேலாது" என்பார்.

இப்படிப்பட்ட சனம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகப் புறப்பட்டது.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேலை முன்னே விட்டுத் தொடங்குகிற நடை அது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையைப் பிடித்து இறங்கி, ஆடிவேல் கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் சேரவேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மாதம். யோகர் சுவாமிகள் நடந்தது இந்தக் கரையோர வழிதான். யுத்தம் மறித்துப்போட்ட நடையை 1988 இல் சிலர் கிழக்கில் மறுபடி தொடக்கினார்கள். தெற்கே இருக்கிற முருகனைப் பார்க்கத் தீவான் முதலில் பஸ் ஏறி வடக்கே போகவேண்டும் என்பது யாத்திரையின் முதற் சோதனை. இரண்டாவது சோதனை வெயில். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்கிறது பஞ்சாங்கம். அதைக் கணித்தவர் முல்லைத்தீவுத் தார் றோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்க மாட்டார்.

எங்கள் கோஷ்டிக்குப் பை கட்டும் ஆலோசகர் பாரிஸ் லாச்சப்பலில் இருக்கிற மச்சான். அவர் ஸ்பெயினில் சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதையில், பிரான்ஸ் எல்லையிலிருந்து ஏறக்குறைய 780 கிலோமீற்றர் நடந்து முடித்தவர். உடம்பு நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏறக்கூடாது என்பது அந்தப் பாதையின் வேதமாம். வாட்ஸப்பில் சொன்னார். கனடாவிலிருந்து வந்திருந்த சித்தப்பா உடனே ஒப்புக்கொண்டார். தொண்ணூற்றைந்து கிலோ உடம்பு என்பதால் அவருக்கு அந்த விதி பிடித்திருந்தது. அப்படியும் பற்றவில்லை. கூடாரம், காற்றூதும் தலையணை, சின்ன அடுப்பு, பவர் பாங்க் இரண்டு, நுளம்பு வலை, சித்தாலேப, பனடோல், ஊரார் அன்போடு திணித்த புழுக்கொடியலும் எள்ளுருண்டையும். எல்லாவற்றுக்கும் அடியில், ஸ்காபரோவில் சித்தி கட்டிக்கொடுத்த ஒரு பொதி. அதைச் சித்தப்பா பிரித்தும் பார்க்கவில்லை.

பெரியம்மாவிடம் ஒரு பனையோலை உமல். உள்ளே இரண்டு சேலை, துவாய், ரோச் லைற், சில்வர் கோப்பை, திருநீறு.

"சாப்பாடு ஒண்டும் இல்லையேணை?" என்றேன்.

"அன்னதானக் கந்தனிட்டயிருந்து வெளிக்கிடுறம். அரிசியைக் காவிக்கொண்டு போனா அவரைச் சந்தேகப்படுற மாதிரியெல்லே, தம்பி."

சந்நிதியானுக்கு அறுபத்தைந்து ஆலமிலையில் அமுது படைப்பார்கள். அவனை விட்டுப் புறப்பட்ட பிறகும் அந்தப் பந்தி முடிவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் யாராவது மறித்துக் கோப்பையை நிரப்புகிறார்கள். வாகரைப் பக்கம் ஓர் அம்மா எங்கள் காலைக் கழுவிவிட்டு, சோறும் போட்டு, முருகனுக்கென்று காசும் தந்தார். இந்த நேர்த்திக்காசுதான் யாத்திரையில் மறுக்கமுடியாத ஒரே பாரம். மச்சானின் வேதத்தில் இதற்கு இடமே இல்லை.

சோறு கூடக்கூடச் சித்தப்பாவின் பை மெலிந்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் பொங்கலுக்குத் தங்கியபோது கூடாரம் கைமாறியது. உப்புநீரில் விளக்கெரிகிற அந்தப் பொங்கல் இரவில் அடுப்பு எதற்கு என்று தோன்றியதாம், அதையும் கொடுத்தார். புழுக்கொடியல் வெருகலோடு முடிந்தது. இடையிடையே, "மச்சாள், இந்தப் பொதியை ஒருக்கா உங்கட உமலுக்குள்ள வையுங்கோவன்" என்று கெஞ்சுவார். பெரியம்மா அசையவில்லை. மாமாங்கத்திலும் மாட்டேன் என்றுவிட்டார். பாரம் தூக்குகிறவன் எப்படியும் தருவான், வாங்குகிறவள்தான் நேரம் பார்க்கவேண்டும் என்பது அவரது கணக்கு. திருக்கோவிலில் சித்தப்பா ஏழாம் தரமோ எட்டாம் தரமோ கேட்டபோது, "சரி, பாவம், தாங்கோ" என்று வாங்கிக்கொண்டார். இன்னும் நாலைந்து பேரின் பாரங்களும் அன்றைக்கே உமலுக்குள் இறங்கின.

விஷயம் என்னவென்றால், இந்த யாத்திரையில் சாப்பாடு காவவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. உகந்தை மலை முருகனைத் தாண்டினால் காடு. கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். யானையும் கரடியும் உண்டு, கடை இல்லை. தண்ணீர்த் தாங்கி வைக்கிற புண்ணியவான்கள் இப்போது இருக்கிறார்கள். ஆனாலும் சமைக்கிறவளிடம்தான் சாமான் இருக்கவேண்டும். கடை நிறைந்த ஊரெல்லாம் மூட்டை சுமந்த எங்கள் கோஷ்டி, கடையில்லாத காட்டுக்குள் கையை வீசிக்கொண்டு நுழைந்தது. சித்தப்பா முன்னால் போனார். இப்போதுதான் சரியாகப் பத்தில் ஒரு பங்கு என்று மச்சானுக்குக் குரற்பதிவு வேறு அனுப்பப் பார்த்தார், சிக்னல் இல்லை.

ஆற்றைத் தாண்டி இருட்டினபிறகு, மூன்று கல் வைத்துப் பெரியம்மா பருப்பவித்துச் சோறும் கறியுமாகப் போட்டார். சித்தப்பா கோப்பையை நீட்டினார். பிறகு மறுபடியும் நீட்டினார்.

"அந்தமாதிரிப் பருப்பு, மச்சாள்! எங்க வேண்டினனீங்கள்?"

இலங்கைக் கடைகளில் விற்கிற மைசூர்ப் பருப்பில் பெரும்பகுதி கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்து கப்பலில் வருவதுதான். ஆனால் விமானமேறி வந்து, வடமராட்சியிலிருந்து காட்டுவரைக்கும் நடந்தும் வந்த பருப்பு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

"ஸ்காபரோவில," என்றார் பெரியம்மா, அகப்பையைக் கழுவியபடி. "உங்கட மனுசி நல்ல சாமானாப் பாத்துத்தான் கட்டித் தந்திருக்கிறா."