தண்ணீர்த் தீட்டு
சிங்கிள் மால்ட் விஸ்கியில் சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே தீட்டு என்று முகம் சுளிக்கும் ஆசாரசீலர்கள், புட்டியில் அச்சிட்ட எண்ணைப் படிப்பதில்லை போலும். ஸ்காட்லாந்தில் பீப்பாய்க்குள் போகும் சரக்கின் வீரியம் பெரும்பாலும் 63.5 சதவீதம், கடைக்கு வருவது 40, 43, 46. பல ஆண்டுகளில் ஆவியாகிக் குறைந்தது கொஞ்சம். மிச்சம் ஆலைக்காரர் ஊற்றிய தண்ணீர்தான். ‘அளந்து ஊற்றியவர் நிபுணர், நீர் யார்?’ என்பார்கள். அந்த நிபுணரே முகர்ந்து தரம் பார்க்க, சுமார் 20 சதவீதத்துக்கு நீர்க்க வைத்துக்கொள்கிறார். புகைமணம் தரும் குவையகால் மூலக்கூறு, நீர்த்த விஸ்கியில் மேற்பரப்புக்கு ஏறுவதாக 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணினிக் கணக்கில் காட்டினார்கள். ஐஸ்கட்டி வேறு விவகாரம்: குளிர் மணத்தை அமுக்கிவிடும், அதற்கு இத்தனை விலை எதற்கு? வாய் குறுகிய கிளாஸும் சில சொட்டுத் தண்ணீரும் போதும். மற்றபடி, காசு கொடுத்தவர் சோடாவே ஊற்றினாலும் ஸ்காட்லாந்து வழக்குப் போடாது.