இரு, நான் சொல்றேன்

என் பெரிய பலவீனம் வாய். கையில் சாக்பீஸ் இல்லாமல் இருந்துவிடுவேன்; பேசாமல் இருக்க மாட்டேன். நாகூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். ஆயுஷ்மான் பாரத் பள்ளிச் சுகாதாரத் திட்டத்துக்குப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது, "சார்தான் நல்லாப் பேசுவாரே" என்று எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள். கெட்டது அங்கேதான்.

முதலில் பூச்சி மாத்திரை. பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். 2015 முதல் நடக்கிறது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், கடித்து மென்று விழுங்க வேண்டும். வாத்தியாருக்கு வேலை சின்னது: கொடு, மெல்லுகிறானா பார், பதிவேட்டில் டிக் அடி. நாடு முழுக்க இப்படிக் கொடுத்துத்தான் பலன். ஆனால் டிக் அடிப்பதற்கா நான் எம்.எஸ்ஸி. படித்தேன்? முதல் நாளே உருண்டைப்புழு படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, அது குடலில் எப்படி நெளியும் என்று விரலால் நெளித்தும் காட்டினேன். "இம்மாம் நீளமா சார்?" என்று மூன்றாம் வகுப்பு கேட்டது; இன்னும் நீட்டினேன்.

மறுநாள் காலைச் சிற்றுண்டி சேமியா உப்புமா. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று எங்கள் மாவட்டத்துத் திருக்குவளையில் வைத்துத்தான் மாநிலம் முழுக்க விரிவாக்கப்பட்டது. அந்தப் பெருமைக்குரிய மாவட்டத்தில், என் பள்ளியில், அன்று தட்டுகள் அப்படியே திரும்பின. சமையல் அக்கா கரண்டியோடு வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். "புள்ளைங்ககிட்ட என்ன சார் சொல்லி வச்சீங்க? அண்டா அப்படியே நிக்குது."

அடுத்தது கைகழுவுதல். கிருமிகள் பற்றி முக்கால் மணி நேரம் பேசி, கைகழுவும் முறையைப் பாட்டோடு ஆடவும் சொல்லிக்கொடுத்தேன். ஆண்டு விழாவில் கைதட்டல் பிரமாதம். கழிப்பறையிலிருந்து வந்த பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு வகுப்புக்கு ஓடினார்கள். குழாயடியில் சோப்பு இல்லை என்பது பாட்டில் வரவில்லை.

அப்போதுதான் வங்கதேசத்து ஆய்வு ஒன்றைப் படித்தேன். இரண்டு பள்ளிகளில் கைகழுவும் இடம் அமைத்து, கழிப்பறையிலிருந்து அதுவரை வண்ணப் பாதை போட்டு, பாதத் தடங்கள் வரைந்தார்கள். கழிப்பறை போய்வந்து சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் முன்பு 4 சதவீதம். தடம் வரைந்த மறுநாள் 68, ஆறு வாரம் கழித்து 74. யாரும் எதுவும் பேசவில்லை. அந்தக் கடைசி விஷயம் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, வரைவோம் என்று பெயிண்ட் வாங்கினேன். எங்கள் கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில். பார்வையிட வரும் அதிகாரி அங்கே எதற்குப் போகப்போகிறார்? தலைமையாசிரியர் அறையிலிருந்து குழாய் வரைக்கும் சிவப்புப் பாதங்கள் வரைந்தேன். போட்டோவில் அழகாக வந்தது. பெண் பிள்ளைகள் அதில் ஒற்றைக்காலில் பாண்டி ஆடினார்கள். கழிப்பறைப் பக்கம் ஒரு தடம்கூட இல்லை.

சோப்பும் வாங்கி வைத்தேன். காக்கா தூக்கிப் போனது. எங்கள் ஊர் தர்காவுக்குப் புறா வாய்த்தது, எங்களுக்குக் காக்கா. காக்கைகளின் உணவுப் பழக்கம் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டிலிருந்து வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையைக் கொண்டுவந்து, சோப்பை உள்ளே போட்டுக் குழாயில் முடிச்சிட்டுவிட்டுப் போனாள். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் சோப்பு லேசில் நுரைக்காது. வலையோடு சேர்த்துத் தேய்த்தால் நுரைத்தது. என்னிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நான் இடம் கொடுத்திருக்கவும் மாட்டேன்.

புகையிலை விஷயத்தில் இன்னும் மோசம். உதட்டுக்கடியில் ஒதுக்கும் பொட்டலத்தின் கேடுகளை ஒன்றுவிடாமல் அடுக்கினேன்: என்ன நிறம், எப்படிப் பிரிப்பது, எங்கே ஒதுக்குவது எல்லாம். கடைசி பெஞ்சுப் பையன் மரியாதையாக எழுந்தான். "எங்க நானா கடையில இது இல்லயே சார், எங்க கிடைக்கும்?"

அதற்குப் பிறகு புத்தி வந்து, நம் ஊர்களிலேயே சோதித்த முறையைத் தேடினேன். 2004 முதல் 2006 வரை டில்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் 'மைத்ரி' என்ற திட்டம் நடந்தது. ஆறாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே சக மாணவர்களோடு வகுப்புச் செயல்பாடுகளை நடத்தவிட்டார்கள். பெற்றோருக்கு அஞ்சலட்டை போனது. இரண்டு ஆண்டில் திட்டம் இல்லாத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 சதவீதம் கூடியது. திட்டம் நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்தது.

போஸ்டர் ஒட்டினேன். அஞ்சலட்டையும் போட்டேன். தலைவர்களாக முதல் ரேங்க் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்தேன். கடைசி பெஞ்சு அவர்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியாது. அந்தக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "கூட்டாளி நீட்டுனா எப்படி வேணாம்ங்கிறதுன்னா..." என்று ஆரம்பித்தான். எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. "இரு, நான் சொல்றேன்" என்றேன். மணி அடிக்கும் வரை சொன்னேன். தேங்காயை உரித்து நாரை வைத்துக்கொண்டவன் கதைதான்.

கூடப் பொறுப்பிலிருக்கும் டீச்சர் ஒருநாள் செல்போனை என் மேஜையில் வைத்து, "சார், இதைப் படிங்க" என்றார். பீகார், நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகள். பதின்பருவத்து மனநலம், அடிதடி, பள்ளிச் சூழல் ஆகியவற்றுக்கு ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் இதற்கென்றே அமர்த்திய உள்ளூர் ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் இருந்த இடத்தில் சூழல் மேம்பட்டது, கேலியும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடத்தில் ஏறக்குறைய ஒரு மாற்றமும் இல்லை. 2018இல் 'லான்செட்' இதழில் வந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு முக்கியமான ஆய்வு! எல்லா வாத்தியாரும் தெரிந்துகொள்ள வேண்டாமா? குறுவள மையக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். சாப்பாட்டு மணி அடித்து, பாதிப் பேர் டிபன் பாக்ஸைத் திறந்த பிறகும் நான் பீகாரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.